யாரும் எழுதாத எழுத்து

இரண்டு வரி நிரல்தான். ஒரு பெயர்ப்பட்டியல், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கட்டம். பெயர் இருபது எழுத்தைத் தாண்டினால் அங்கேயே வெட்டிவிட்டு மூன்று புள்ளி வைக்க வேண்டும். ஆங்கிலத்தில் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. மனசாட்சிக்காகத் தமிழிலும் ஒருதடவை பார்த்தேன். வெட்டு விழுந்த இடத்தில் ஒரு மெய்யெழுத்து புள்ளியை இழந்து நின்றது. 'பரவால்ல, யார் கவனிக்கப் போறா' என்று அனுப்பிவிட்டேன். சொந்த மொழியில் நாம் காட்டும் அலட்சியத்துக்கு அளவே கிடையாது.

இரண்டு வாரம் கழித்து, புனோம் பென்னில் இருந்து எங்களுக்காகச் சோதனை செய்துகொண்டிருந்த பெண் ஒரு புகார் பதிந்திருந்தார். கூடவே திரைப்படம். ஒரு பெயரின் கடைசி எழுத்துக்குக் கீழே, பொட்டு வைத்த மாதிரி, குட்டியாக ஒரு கூட்டல் குறி. அதைச் சிவப்பில் வட்டமிட்டு எழுதியிருந்தார்: "இப்படி ஒரு எழுத்து எங்கள் மொழியில் இல்லை. எடுத்துவிடவும்."

நான் அதை எடுக்கப் போனேன். போன இடத்தில் தெரிந்தது, அந்தக் குறி என் நிரல் சேர்த்தது இல்லை. அவருடைய மொழியில் ஏறத்தாழ ஒவ்வொரு வாக்கியத்திலும் அது ஏற்கெனவே இருந்தது. யார் கண்ணுக்கும் படாமல்.

'கெமர்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கம்போடியர்கள் அதைக் கிட்டத்தட்ட 'க்மாய்' என்று சொல்கிறார்கள். எழுதும்போது முதலில் மூச்சு அழுந்திய ஒரு 'க', அதன் காலடியில் சிறிய வடிவில் ஒரு 'ம', இவற்றுக்கு இடப்பக்கம் ஓர் உயிர்க்குறி, கடைசியில் ஒரு 'ர'. இந்த 'ர' எழுத்தில் உண்டு, இன்றைய பொதுப்பேச்சில் ஒலிக்காது. ஆக, தாளில் நான்கு வடிவங்கள். ஆனால் கணினியில் அந்தச் சொல் ஐந்து எண்கள்: 6017, 6098, 6040, 6082, 6042. (நிரலாளர்கள் இவற்றைப் பதினாறின் அடிமானத்தில் எழுதுவார்கள். நான் சாதாரண எண்ணாக மாற்றிவிட்டேன்.) இரண்டாவதாக இருக்கிறதே 6098, அதுதான் அந்தக் கூட்டல் குறி. அடுத்து வரும் எழுத்தை மேலே நிற்கவிடாமல் காலடிக்கு இறக்கு என்று எழுத்துருவுக்குச் சொல்லும் உத்தரவு அது. உத்தரவு நிறைவேறியதும் மறைந்துவிடும். அடுத்த எழுத்து வராமல் அறுந்துபோனால் மட்டும், நடுத்தெருவில் விட்ட பிள்ளை மாதிரி, கூட்டல் வடிவில் வெளியே தெரியும். அந்தக் கூட்டல் வடிவத்துக்கும் கெமர் எழுத்துக்கும் சம்பந்தமே இல்லை. அட்டவணையில் எதையாவது வரைந்து காட்ட வேண்டுமே என்பதற்காக வைத்த வடிவம்.

'ர' எழுதப்படுகிறது, ஒலிப்பதில்லை. 6098 எழுதப்படுவதும் இல்லை, ஒலிப்பதும் இல்லை. சேமிக்கப்படுகிறது, அவ்வளவுதான். 'கம்புச்சியா' என்ற சொல்லிலும் 'ம'வுக்குக் கீழே ஓர் எழுத்து தொங்குகிறது, எனவே அங்கேயும் 6098. அந்த மக்கள் தங்கள் மொழியின் பெயரையோ நாட்டின் பெயரையோ இந்த எண் இல்லாமல் கணினியில் எழுத முடியாது.

யூனிகோட் அதற்கு வைத்திருக்கும் பெயரை 'ஜெங்' என்று தோராயமாக எழுதலாம். கெமர் மொழியில் அதற்குப் பொருள் கால், பாதம். கீழே தொங்கும் சிறு வடிவங்களை அவர்கள் எழுத்தின் கால் என்றுதான் அழைக்கிறார்கள். நமக்கு இது உடனே பிடிபடும். நாமும் 'கா'வில் இருக்கும் நெடில் குறியைக் கால் என்றுதானே சொல்கிறோம். ஆனால் நம் கால் கண்ணுக்குத் தெரியும் கால். அவர்களுக்கு 'ம'வின் கால் என்றால் ஒரு குறிப்பிட்ட வடிவம், 'ப'வின் கால் என்றால் வேறொரு வடிவம். இன்று புழக்கத்தில் உள்ள 33 மெய்களில் ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கால் உண்டு. சில கால்கள் தலைமை எழுத்தின் சாயலே இல்லாமல் இருக்கும். பள்ளியில் பிள்ளைகள் இவற்றைத் தனியாகக் கற்கிறார்கள். யாருடைய காலும் அல்லாத, வெறும் 'கால்' என்ற ஒன்றை எந்த ஆசிரியரும் பலகையில் எழுதிக் காட்டியதில்லை. எழுதவும் முடியாது.

அப்படியானால் அது எழுத்தா?

இந்தக் கேள்வியைப் பொழுதுபோக்காக யாரும் எழுப்பவில்லை. 2001-ல் கம்போடிய அரசின் தரப்பு, சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் எழுத்துருக் குழுவுக்கு அதிகாரபூர்வமாக ஆட்சேபம் தெரிவித்தது. கெமர் எழுத்துகள் யூனிகோட் 3.0-ல், 1999-ல், ஏற்கெனவே சேர்க்கப்பட்டுவிட்டன. ஆட்சேபத்தின் சாரம் இரண்டு. கண்ணுக்குத் தெரியாத 'கால்' என்றொரு எழுத்து எங்கள் மொழியில் இல்லை, காலெழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் கொடுங்கள். இரண்டாவது, எங்கள் எழுத்தைப் பற்றிய இந்த முடிவில் எங்கள் நாடு பங்கேற்கவில்லை.

ஏன் பங்கேற்கவில்லை என்று கேட்பதற்கு முன்னால் அந்த நாட்டின் காலண்டரைப் புரட்ட வேண்டும். 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் பதினைந்து லட்சத்திலிருந்து இருபது லட்சம் பேர்வரை செத்தார்கள். படித்தவர்கள், ஆசிரியர்கள், பிக்குகள் குறிவைத்து ஒழிக்கப்பட்டார்கள். பிறகு வியட்நாம் படை, உள்நாட்டுப் போர். 1991-ல் பாரிஸ் ஒப்பந்தம், 1993-ல் ஐக்கிய நாடுகள் சபை வந்து நடத்திய தேர்தல், 1997 ஜூலையில் மறுபடியும் புனோம் பென் தெருக்களில் சண்டை. இந்த வருடங்களில்தான் உலகத்தின் எழுத்துகளுக்கெல்லாம் எண் ஒதுக்கும் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. அந்தக் கூட்டங்களுக்கு ஆள் அனுப்பும் நிலைமையில் அந்த நாடு இல்லை. வெளியே இருந்த நிபுணர்களும் ஆர்வலர்களும் அந்த வேலையைச் செய்தார்கள். நல்லெண்ணத்தோடு, காசு எதிர்பார்க்காமல், விட்டால் கெமர் மொழி கணினிக்கு வெளியே நின்றுவிடுமே என்ற கவலையோடு செய்தார்கள் என்றே நினைக்கிறேன். இதில் வில்லன் யாருமில்லை. அதுதான் இந்த விஷயத்தைச் சிக்கலாக்குகிறது.

அவர்கள் எடுத்துக்கொண்ட மாதிரி இந்தியாவுடையது. எண்பதுகளில் இந்திய மொழிகளுக்காக உருவான இஸ்கி என்ற குறியீட்டு முறையில், மெய்யை அகரத்தோடு சேர்த்து ஓர் எண், அந்த அகரத்தை நீக்க விராமம் என்று ஓர் எண். தேவநாகரியில் இரண்டு மெய்களுக்கு நடுவே விராமம் வந்தால் கூட்டெழுத்து உருவாகும். தமிழில் அதே இடத்தில் புள்ளி. யூனிகோட் இந்த முறையை அப்படியே சுவீகரித்துக்கொண்டது. கெமரும் பிராமி வழி வந்த எழுத்துதானே, அங்கேயும் அடுக்கு இருக்கிறதே, அதே சூத்திரத்தைப் போடலாம் என்று முடிவானது.

வழி வந்ததில் சந்தேகமில்லை. கெமர் எழுத்தின் மூதாதை பல்லவ எழுத்து. தேதியோடு கிடைத்திருக்கும் மிகப் பழைய கெமர் மொழிக் கல்வெட்டு, தாகேயோ மாகாணத்தின் அங்கோர் பொரேயில் கிடைத்தது. அதன் ஆண்டு 611. காஞ்சியில் மகேந்திரவர்மன் இருந்த காலம். அந்தப் பல்லவ எழுத்தில் கூட்டெழுத்துகள் ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டன. அதன் பிறகு பாதைகள் பிரிந்தன. தமிழ் அடுக்குவதை விட்டுவிட்டுப் புள்ளியை வைத்துக்கொண்டது (வைத்துக்கொண்டது என்று இலக்கணம்தான் சொல்கிறது. கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, படிக்கிறவர் ஊகித்துக்கொள்ள வேண்டும்). கெமர் அடுக்கைப் பிடித்துக்கொண்டு அதைக் காலாக வளர்த்தது. இந்திய மொழியில் விராமம் ஓர் உயிரைக் கொல்கிறது. கெமரில் அப்படிக் கொல்ல ஒன்றுமில்லை. சொல்லின் கடைசி மெய் எந்தக் குறியும் இல்லாமலேயே மெய்யாக ஒலிக்கும். மெய்யில் உறையும் உயிரே அங்கே ஒன்றல்ல, இரண்டு. மெய்கள் இரண்டு வரிசையாகப் பிரிந்து, ஒவ்வொரு வரிசையும் தனக்கென்று ஓர் உயிரை வைத்திருக்கிறது. ஆயிரத்து நானூறு வருடத்தில் அவர்கள் அந்த எழுத்தைத் தங்கள் வாய்க்கேற்ப வேறொன்றாகச் செய்துவிட்டார்கள்.

ஆக, இந்தியாவில் இருந்து எழுத்து அங்கே இரண்டுமுறை போயிருக்கிறது. முதல்முறை கப்பலில் போனது. அதை வாங்கிக்கொண்டவர்கள் தங்கள் கையாலேயே உளியைப் பிடித்தார்கள். வேண்டியதை வைத்துக்கொண்டார்கள், வேண்டாததை விட்டார்கள். இரண்டாவது முறை குழுக்கூட்டங்களின் ஆவணங்களில் போனது. உளி வேறு யாரிடமோ இருந்தது.

ஆட்சேபத்துக்கு வந்த பதில்: மாற்ற முடியாது. எண் ஒதுக்கியாகிவிட்டது. ஒருமுறை ஒதுக்கிய எழுத்தை நீக்குவதில்லை, இடம் மாற்றுவதில்லை, பெயரைக்கூடத் திருத்துவதில்லை என்பது யூனிகோடின் வாக்குறுதி.

இந்த வாக்குறுதி எங்கிருந்து வந்தது என்பது சுவாரசியம். ஆரம்பத்தில் அப்படி ஒன்று இருக்கவில்லை. திபெத்திய எழுத்தை முதல் பதிப்பில் விராம மாதிரியிலேயே சேர்த்தார்கள். சரிவரவில்லை என்று நீக்கினார்கள். 1996-ல் வந்த 2.0 பதிப்பில் வேறு மாதிரியில் மறுபடி சேர்த்தார்கள். அந்த இரண்டாவது மாதிரியில் கீழே அடுக்கும் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி எண். அதாவது, கம்போடியா பின்னால் கேட்ட அதே ஏற்பாடு. அதே 2.0 பதிப்பில் கொரிய அசை எழுத்துகளை ஓரிடத்தில் இருந்து பெயர்த்து இன்னோர் இடத்தில் வைத்தார்கள். ஏற்கெனவே இருந்த 6656 அசைகள் நீக்கப்பட்டு, 11,172 அசைகள் புதிய இடத்துக்கு வந்தன. பழைய எண்களில் சேமித்திருந்த கொரியக் கோப்புகள் குப்பையாயின. அந்தக் களேபரத்துக்குப் பிறகுதான், போதும், இனி எதையும் நகர்த்தமாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள்.

கம்போடியா வந்து கதவைத் தட்டியது ஐந்து வருடம் கழித்து.

இங்கே எனக்குள் இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள். ஒருவன் பொறியாளன். அவன் சொல்கிறான், இந்த வாக்குறுதி இல்லாவிட்டால் எதுவுமே நிற்காது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் எழுதிய என் கோப்பு இன்றைக்குத் திறக்கிறது என்றால் இதனால்தான். நிலப்பதிவு, வங்கிக்கணக்கு, நீதிமன்றத் தீர்ப்பு எல்லாம் இந்த எண்களில்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஒருவருக்காக மாற்றினால் நாளைக்கு நூறு பேர் வருவார்கள். அதோடு, 6098 மோசமான ஏற்பாடும் இல்லை. 'ம'வும் 'ம'வின் காலும் ஒரே எண் என்பதால் அகரவரிசைப்படுத்துவது எளிது, தேடுவது எளிது. கம்போடியர்கள் ஒரு சொல்லை எழுத்துக்கூட்டிச் சொல்லும்போதுகூட 'கால் ம' என்றுதான் சொல்கிறார்கள். 6098, 6040 என்ற வரிசையும் அதையேதான் சொல்கிறது. அந்தக் குழுவில் நான் இருந்திருந்தால் இதற்குத்தான் கை தூக்கியிருப்பேன். இதை மறைத்துப் பேச விருப்பமில்லை.

இன்னொருவன் கேட்கிறான்: சரி, அந்த வாக்குறுதியை யாருக்குக் கொடுத்தீங்க?

வாக்குறுதி என்றால் ஒருவர் கொடுக்கிறார், ஒருவர் பெறுகிறார். பெற்றவர் அதை நம்பி ஒரு காரியம் செய்கிறார். அதனால்தான் மீறக்கூடாது என்கிறோம். 2001-ல் யூனிகோட் கெமரில் சேமிக்கப்பட்டிருந்தது எவ்வளவு இருக்கும்? புனோம் பென்னின் அச்சகங்களும் அலுவலகங்களும் அப்போது லிமோன் போன்ற பழைய எழுத்துருக்களில் ஓடிக்கொண்டிருந்தன. விண்டோஸில் கெமர் எழுத்துரு கூடவே வந்தது விஸ்டாவில்தான், 2007 வாக்கில். கெமர் வாக்கியம் எழுதும் எவரும் இந்த வாக்குறுதியை நம்பி எதையும் பெரிதாகக் கட்டியிருக்கவில்லை. அது கொடுக்கப்பட்டது மென்பொருள் செய்பவர்களுக்கு. அதாவது, எனக்கு. என் கோப்பு திறக்க வேண்டும் என்பதற்காக அவர்கள் எழுத்து அப்படியே இருக்க வேண்டும் என்று ஆனது. பொறியாளன் இதற்கும் பதில் வைத்திருக்கிறான்: வாக்குறுதியின் மதிப்பே விதிவிலக்கு இல்லாததில்தான் இருக்கிறது, இது சின்ன விஷயம் என்று ஒன்றில் மீறினால் அப்புறம் அது வாக்குறுதியே இல்லை. அதுவும் சரிதான். ஆனால் விதிவிலக்கில்லாத ஒரு விதியை எந்த நாளில் தொடங்குகிறோம் என்பதில் ஒரு தேர்வு இருக்கிறது. தொடங்கிய நாளுக்கு முன்னால் வந்தவர்களின் தவறு திருத்தப்பட்டது. பின்னால் வந்தவர்களின் தவறு சட்டமானது. பின்னால் வந்தவர்கள் ஏன் பின்னால் வந்தார்கள் என்று மறுபடியும் அந்தக் காலண்டரைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கல்யாணப் பத்திரிகை விஷயம் நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். பெரியப்பாவைக் கேட்காமல் நாள் குறித்து, மண்டபம் பிடித்து, பத்திரிகையும் அடித்தாயிற்று. அப்புறம் தட்டில் வெற்றிலை பாக்கோடு போய் நிற்கிறோம். "நாங்க பார்த்த நாள் நல்ல நாள்தான் பெரியப்பா, நீங்களே பார்த்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பீங்க." அது உண்மையாகவே இருக்கலாம். அவரே பஞ்சாங்கத்தைப் புரட்டி அதே நாளைச் சொல்லியிருக்கலாம். இருந்தும் அவர் முகம் கோணுகிறது. அதை வறட்டு கௌரவம் என்று தள்ளிவிடுவது சுலபம். அவருடைய குறை நாள் மேலே இல்லை. அந்த நாளை நல்ல நாள் என்று சொல்லும் உரிமை தனக்கு இருந்தது, அது இப்போது இல்லை என்பதுதான். சரியான முடிவை எடுத்ததால் அந்த உரிமையை எடுத்துக்கொண்டது சரியாகிவிடாது. இரண்டும் வேறு வேறு கணக்கு.

நான் இதற்கு முன் இப்படி யோசித்ததில்லை. தமிழுக்கு யூனிகோடில் அநீதி நடந்தது என்று மேடையில் பேசியவர்களைப் பார்த்து கல்லூரி நாட்களில் சிரித்திருக்கிறேன். 247 எழுத்துக்கு 72 இடம்தானா, மெய்தானே முதல், புள்ளியைத் தனியாகப் பிரித்து 'க'வோடு ஒட்டவைத்தால்தான் 'க்' என்பது என்ன நியாயம் என்றெல்லாம் கேட்பார்கள். 2010-ல் தமிழக அரசு யூனிகோடோடு கூடவே எல்லா எழுத்துக்கும் தனி எண் தரும் வேறொரு முறையையும் தரமாக அறிவித்தது. "திரையில 'க்' சரியாத் தெரியுதுல்ல, உள்ள எத்தனை எண் இருந்தா உனக்கென்ன?" என்பது அப்போது என் வாதம். இன்றும் தொழில்நுட்பமாக அதையே சொல்வேன். ஆனால் ஆய்த எழுத்துக்கு அந்த அட்டவணையில் விசர்க்கம் என்று பெயர் இருக்கிறது, அது இனி ஒருநாளும் மாறாது என்று தெரிந்தபோது சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. ஆய்தம் விசர்க்கம் இல்லை என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். அந்தப் பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை. இத்தனைக்கும் நமக்கு அரசு இருந்தது, பல்கலைக்கழகம் இருந்தது, கூட்டம் போட ஆள் இருந்தது.

திரையில் சரியாகத் தெரிகிறதே என்ற வாதம் கெமரில் எங்கே உடைகிறது என்றும் சொல்ல வேண்டும். அவர்களுடைய இரண்டு மெய்கள், 'ட'வும் 'த'வும் என்று தோராயமாக வைத்துக்கொள்வோம், மேலே நிற்கும்போது வேறு வேறு வடிவம். காலாக இறங்கும்போது இன்றைய அச்சில் இரண்டுக்கும் ஒரே வடிவம். கையால் எழுதுகிறவருக்கு இதில் பிரச்சினையே இல்லை. ஒரு காலைப் போடுகிறார், படிப்பவர் சொல்லைப் பார்த்து ஒலியை எடுத்துக்கொள்கிறார். கணினியோ எழுதுகிறவரை நிறுத்தி, இது 'ட'வின் காலா, 'த'வின் காலா என்று கேட்கிறது. 6098-க்குப் பின்னால் எந்த மெய்யை வைப்பது? புனோம் பென்னைச் சுற்றியிருக்கும் மாகாணத்தின் பெயர் கண்டால். அதில் இந்தக் கால் இருக்கிறது. சிலர் ஒருவிதமாக அடிக்கிறார்கள், சிலர் இன்னொருவிதமாக அடிக்கிறார்கள். கண்ணுக்கு ஒரே சொல். தேடுபொறிக்கு இரண்டு சொற்கள். ஒரு விதமாகத் தேடினால் இன்னொரு விதமாக அடித்த ஊர்க்காரர் கிடைக்கமாட்டார்.

ஷுவோன் நாத் என்ற பௌத்தத் துறவி தொகுத்த அகராதிதான் இன்றுவரை கெமர் எழுத்துக்கூட்டலுக்கு அளவுகோல். முதல் பாகம் 1938-ல் வந்தது. எந்தச் சொல்லை எப்படி எழுதுவது என்று ஆயுள் முழுக்க யோசித்த மனிதர். அந்த அகராதியின் அச்சுப் பக்கத்தில் இந்தக் கேள்விக்குக் கண்ணால் பார்த்துப் பதில் எடுக்க முடியாது. அங்கே இருப்பது ஒரு கால், அது இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். மொழி கேட்காத கேள்வியை எந்திரம் கேட்கிறது, பதில் சொல்லாமல் அடுத்த எழுத்துக்குப் போகவும் விடமாட்டேன் என்கிறது. காலெழுத்துகளுக்குத் தனி எண் கொடுத்திருந்தால் இது தீர்ந்திருக்குமா? ஒரு வடிவத்துக்கு ஓர் எண் என்று அவர்கள் முடிவெடுத்திருந்தால் தீர்ந்திருக்கும். வேறுவிதமாக முடிவெடுத்திருந்தால் அதே குழப்பம் இருந்திருக்கும். ஆனால் அது அவர்கள் வாதாடி, ஓட்டுப் போட்டு, தாங்களே வரவழைத்துக்கொண்ட குழப்பமாக இருந்திருக்கும்.

ஆட்சேபத்தால் ஒன்றுமே கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2003-ல் வந்த 4.0 பதிப்பில் அவர்கள் கேட்ட சில எழுத்துகள் சேர்க்கப்பட்டன. சந்திர நாட்காட்டித் தேதிகளுக்கான 32 குறிகள் தனித் தொகுதியாக வந்தன. அதுவரை அந்தத் தேதிகளை எழுதுவதற்கென்று வைத்திருந்த ஒற்றைக் குறி, 6098-க்குப் பக்கத்து வீட்டுக்காரன், 6099. அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று குறிப்பு எழுதினார்கள். 6051, 6052, 6068, 6069 ஆகியவற்றுக்கும் அப்படியே குறிப்பு. கடைசி இரண்டும் மெய்யில் உறையும் உயிரையே எழுத்தாக வைத்தவை. கண்ணுக்குத் தெரியாதவை, யாரும் எழுதாதவை, 6098-க்கு இருக்கும் உபயோகமும் இல்லாதவை. இவை எதையும் நீக்க முடியாது. எண் இருக்கும், பக்கத்தில் 'பயன்படுத்தாதீர்' என்ற வரியும் இருக்கும்.

இந்தக் குறிப்பு எழுதும் வழக்கத்தைப் பற்றி எனக்கு இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. யூனிகோடில் ஓர் அடைப்புக்குறியின் பெயரில் பிராக்கெட் என்ற சொல்லே எழுத்து இடம் மாறி, பிராக்சேட் என்பது மாதிரி பதிவாகிவிட்டது. அதையும் மாற்றவில்லை. சரியான பெயரைப் பக்கத்தில் மாற்றுப்பெயராகச் சேர்த்தார்கள், தவறு அப்படியே இருக்கிறது. இதில் ஒரு நேர்மை உண்டு. தவறை அழித்துவிட்டால் அது நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். இங்கே அது என்றென்றைக்கும் எல்லாரும் பார்க்க நிற்கிறது. கல்வெட்டில் தவறாக வெட்டிவிட்ட எழுத்து மாதிரி. இன்னொரு பக்கம், அந்தத் தவறைத் தினமும் பார்ப்பவர் தவறைச் செய்தவர் இல்லையே. அடைப்புக்குறியின் பெயரைப் பார்த்து நான் சிரித்துவிட்டுப் போகலாம். ஒரு புனோம் பென் நிரலாளர் தன் தாய்மொழியின் அட்டவணையைத் திறக்கும்போது, ஐந்து இடத்தில் 'இது வேண்டாம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து எப்படிச் சிரிப்பார் என்று தெரியவில்லை. நடந்ததற்கு வருந்துகிறோம், ஆனால் மாற்ற மாட்டோம் என்பது மன்னிப்பா? கடனை ஒப்புக்கொண்டு திருப்பித் தராதவனை நாம் நேர்மையானவன் என்று சொல்வதில்லை. திருப்பித் தர முடியாதவனை என்ன சொல்வோம்? கொஞ்சம் பொறுத்துப் பேசுவோம். இங்கே முடியாததா, தராததா என்று பிரிப்பதுதான் கஷ்டம். 2001-ல் தராதது. இன்றைக்கு முடியாதது. நடுவில் எந்த வருடத்தில் ஒன்று இன்னொன்றாக மாறியது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஏனென்றால் இடையில் கம்போடியர்கள் சும்மா இருக்கவில்லை. மாற்ற முடியாது என்று ஆனபிறகு, இருப்பதை வைத்து வேலையைத் தொடங்கினார்கள். கெமர் ஓஎஸ் என்ற திட்டத்தில் இலவச எழுத்துருக்கள் வந்தன. தகவல் தொழில்நுட்பத்துக்கான தேசிய ஆணையத்தின் பெயரால் ஒரு விசைப்பலகை வந்தது. இன்று செய்தித்தாளும் அரசாணையும் காதல் கடிதமும் யூனிகோடில்தான். கோடிக்கணக்கான வாக்கியங்கள், ஒவ்வொன்றிலும் பல 6098-கள். இப்போது யாராவது போய், வாருங்கள், உங்கள் பழைய கோரிக்கையை ஏற்கிறோம் என்றால் அவர்களே துரத்திவிடுவார்கள். அந்தப் பழைய வாக்குறுதி இப்போது அவர்களுடையதும் ஆகிவிட்டது.

என் நிரலுக்கு வருகிறேன். திருத்தம் பெரிதில்லை. வெட்டுகிற இடத்துக்கு முன்னால் 6098 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அதையும் அதன் தலைமை எழுத்தையும் சேர்த்து விட்டுவிட வேண்டும். தமிழ்ப் புள்ளிக்கும், வெட்கத்தோடு, அதே கவனிப்பு. அனுப்பிவிட்டு அந்தப் பெண்ணைத் திரையழைப்பில் கூப்பிட்டேன். அந்தக் கூட்டல் குறி எங்கிருந்து வந்தது என்று விளக்கினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஐந்து எண்களையும் எழுதிக் காட்டி, இரண்டாவதைச் சுட்டினேன்.

"இது எங்கள் எழுத்து இல்லை" என்றார் மறுபடியும்.

"சரிதான். ஆனால் உங்கள் விசைப்பலகையில் ஆங்கில ஜே இருக்கும் இடத்தில் என்ன இருக்கிறது?"

அவர் குனிந்து பார்க்கவில்லை. வலது சுட்டுவிரல் தானாகவே அந்த விசைக்குப் போனதைத் திரையில் பார்த்தேன்.

"அது ஜெங். காலுக்கு முன்னால் அடிக்க வேண்டும். அது எழுத்து இல்லையே, அது..." என்று ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தேடினார். கிடைக்கவில்லை. எனக்கும் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் இருவரும் அந்த ஐந்து எண்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர், கண்டால் மாகாணத்து முகவரி ஒன்று தேடலில் வரவில்லை, அதையும் பார்க்க முடியுமா என்று கேட்டார்.